முழுகாமல் இருந்த உறை

அண்ணியின் தலையும் இரண்டு கைகளும் துணி உலர்த்தும் டிரையருக்குள். கால்கள் மட்டும் வெளியே. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது.

"வரமாட்டேங்குதுடி. காலைப் பிடிச்சு இழு."

"எந்தக் காலை? உங்களதா, அதோடதா?"

"என் காலை இழுத்தா நான்தான் வருவேன். இந்தப் பக்கம் வந்து முனையைப் பிடி."

நாத்தனார் மடிப்பு மேசையை விட்டு வந்து பிடித்தாள். இருவரும் மூச்சைப் பிடித்து இழுக்க, பானை வயிறாக உப்பிய போர்வை உறை ஒன்று பொத்தென்று தரையில் விழுந்தது.

"இதுவும் முழுகாம இருக்கு அண்ணி."

அது விடுதியின் அந்தச் சலவை அறையின் சொல். இரட்டைக் கட்டில் போர்வைக்கு மாட்டுகிற உறைக்கு ஒரு பக்கம் வாய் உண்டு. டிரையர் சுற்றச் சுற்ற, பக்கத்தில் வருகிற விரிப்பையும் தலையணை உறையையும் அந்த வாய் விழுங்கிவிடும். விழுங்கியதெல்லாம் உள்ளே முறுக்கிக்கொண்டு கிடக்கும். வெளியே தொட்டால் சுடும். உள்ளே கைவிட்டால் சொட்டும். நாத்தனார்தான் ஒருநாள் அதை முழுகாமல் இருப்பதாகச் சொன்னாள். பிறகு வேறு சொல் தேவைப்படவில்லை.

அண்ணி அதன் வயிற்றுக்குள் கைவிட்டு ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். இரண்டு விரிப்பு, ஐந்து தலையணை உறை, யாருடையது என்று தெரியாத ஒரு சாக்ஸ்.

"கடைசிப் பிள்ளை மட்டும் யார் ஜாடைன்னே தெரியல," என்றாள் நாத்தனார்.

அண்ணிக்குச் சிரிப்பு வரவில்லை. படுக்கை ஈரமாக இருந்ததாகப் போன வாரமே விருந்தினர்கள் இரண்டு பேர் புகார் சொல்லியிருந்தார்கள். இன்னொரு புகார் வந்தால் துணியெல்லாம் வெளியே ஒரு சலவைக் கம்பெனிக்குப் போய்விடும், கீழ்த்தளத்து அறை பழைய நாற்காலி போடுகிற இடமாகிவிடும் என்று மேனேஜர் காலையில்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தார். சாயங்காலம் ஒரு பேருந்து நிறைய ஆட்கள் வருகிறார்கள். விடுதியில் ஓர் அறைகூட மிச்சமில்லை.

அண்ணி எந்த வேலையிலும் தரித்தவள் இல்லை. துணிக்கடையில், பிரித்துப் போட்டதை மடிக்கிற வேலை. ஒரு அம்மாவிடம், "வாங்குற எண்ணம் இருந்தா மேல பிரிக்கிறேன்" என்று சொல்லி வெளியே வந்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் ருசி பார்த்துச் சொல்லச் சொன்னார்கள். சொன்னாள். அங்கேயும் முடிந்தது. இந்த அறையில் இருந்த இரண்டு டிரையர்களும் அவள் பேச்சுக்கு முகம் சுளிக்கவில்லை. வெதுவெதுப்பு முழங்காலுக்கும் இதமாக இருந்தது. ஆறு மாதம் கழித்து நாத்தனாரையும் கூட்டிக்கொண்டாள்.

வீட்டில் அவர்கள் உப்புக்கும் புளிக்கும் சண்டை போட்டவர்கள். ஒருத்தி வைத்த கரண்டியை இன்னொருத்தி இடம் மாற்றி வைப்பாள். இந்த அறைக்கு வந்தபிறகு அதே இரண்டு பேர் சிநேகிதிகளானார்கள். ஏன் என்று அண்ணி யோசித்ததில்லை. இங்கே அடுப்பு இல்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம். அறை போனால் இருவரும் பழையபடி ஒரே அடுப்படிக்குத் திரும்ப வேண்டும்.

சுவரிலிருந்த போன் அடித்தது. நாத்தனார் எடுத்தாள். பின்னால் இன்னொரு டிரையர் இரைந்துகொண்டிருந்தது.

"துணி ஏன் இன்னும் மேல வரல?" மேனேஜர்.

"அண்ணியோடது முழுகாம இருக்கு சார்! இப்பத்தான் தெரிஞ்சுது! இது ரெண்டாவது!"

டிரையர் இரைச்சலுக்கு மேல் இன்னும் கத்தினாள்.

"குனிஞ்சு குனிஞ்சு அவங்களுக்கு இடுப்பே விட்டுப்போச்சு சார்!"

போன் மெதுவாக வைக்கப்பட்டது.

"என்னடி சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. நல்ல மனுஷன், புரிஞ்சுக்கிட்டார்."

கொஞ்ச நேரத்தில் படியில் காலடிச் சத்தம். முன்னால் மேனேஜர், வரவேற்பறையின் மெத்தை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு. கல்யாணமாகாதவர். காது நுனி சிவந்திருந்தது. பின்னால் அண்ணியின் புருஷன், விடுதி வாட்ச்மேன். பேயறைந்த முகம்.

"அக்கா, நீங்க முதல்ல உக்காருங்க," என்றார் மேனேஜர். "இனிமே கூடையெல்லாம் தூக்காதீங்க. இன்னிக்கு இதோட வீட்டுக்குப் போங்க. வேற ஆளைப் பாத்துக்கலாம்."

அண்ணி கையிலிருந்த விரிப்பைக் கீழே வைத்தாள். ஆளைப் பாத்துக்கலாமா? "ஏன் சார், என்னை நிறுத்தறீங்களா?"

"ஐயோ, அப்படியில்லக்கா. இந்த நேரத்துல..." அவர் கூரையைப் பார்த்தார். "உடம்பு முக்கியம்."

வாட்ச்மேன் ஒரு அடி முன்னால் வந்தார். "ஏன்டி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? சார் சொல்லி நான் தெரிஞ்சுக்கணுமா?"

"என்னத்தைச் சொல்லணும்?"

"நம்ம பேத்தி பள்ளிக்கூடம் போகுதுடி!"

"அதுக்கென்ன இப்போ?"

"அவளுக்கு இனிமே ஒரு சித்தப்பாவோ அத்தையோ பொறந்தா, ஊர் என்னைப் பாத்து என்ன சொல்லும்?"

நாத்தனார் விரிப்புக் குவியலில் முகத்தைப் புதைத்தாள். குவியல் குலுங்கியது. அண்ணி அவளைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள். புரிந்தது. தரையில் கிடந்த உறையைக் காலால் உருட்டி மேனேஜர் முன்னால் விட்டாள்.

"இதான் சார் முழுகாம இருக்கு. நான் இல்ல."

மேனேஜர் உறையைப் பார்த்தார். அசடு வழிந்தது. நாற்காலியை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"நல்லவேளை," என்றார் வாட்ச்மேன்.

"என்ன நல்லவேளை? நீங்க வாசல்ல நிக்கறவர். உள்ள நடக்கறது உங்களுக்கு எப்பத்தான் தெரிஞ்சிருக்கு?"

சிரித்துச் சிரித்து நாத்தனாரின் கூந்தல் அவிழ்ந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தவள், முடியைச் சுருட்டிக் கொண்டையாக்கி ரப்பர் வளையத்தை மாட்டினாள். அண்ணி அந்தக் கொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி, அவிழ்ந்து கிடந்தா முடி என்ன ஆகும்?"

"சிக்காகும்."

"கழட்டு அதை."

நாத்தனாரின் வளையத்தை வாங்கி, ஒரு விரிப்பின் நான்கு முனைகளையும் ஒன்றாகச் சேர்த்து மாட்டினாள். சுற்றிக்கொள்ளத் தலைப்பு இல்லாமல் விரிப்பு பை மாதிரி தொங்கியது. உறையின் வாயில் பட்டன்கள் இருந்தன. இத்தனை நாளும் யாரும் அவற்றைப் போட்டதில்லை. மாட்டும்போது மறுபடி கழட்ட வேண்டுமே என்ற சோம்பல். இப்போது எல்லாவற்றையும் போட்டாள். உறைகள் ஒரு டிரையரில், கொண்டை போட்ட விரிப்பு இன்னொன்றில்.

வெளியே எடுத்தபோது விரிப்பு விரிப்பாகவே வந்தது. வளையம் இறுக்கியிருந்த இடத்தில் மட்டும் கையளவு ஈரம்.

"கொண்டை இறுக்கம்," என்றாள் அண்ணி. "தளர்வா போடணும். பாதியில நிறுத்தி, உதறி, வேற இடத்துல போடணும். டிரம்மைப் பாதிக்கு மேல ரொப்பக்கூடாது." புருஷன் பக்கம் திரும்பினாள். "போய் ரப்பர் வளையம் வாங்கிட்டு வாங்க. துணி சுத்தின வளையமா இருக்கணும்."

சீருடையோடும் மீசையோடும் போனவர் ஒரு பை நிறைய வாங்கிவந்தார். கடைக்காரப் பெண், பொண்ணுக்கா, என்ன கலர் பிடிக்கும் என்று கேட்டாளாம்.

"என்ன சொன்னீங்க?"

"பெட்ஷீட்டுக்குன்னேன். அதுக்கப்புறம் அவ என் முகத்தைப் பாக்கவே இல்ல."

மேனேஜர் கோட்டைக் கழற்றிவிட்டுப் பட்டன் போட உட்கார்ந்தார், தான் தூக்கிவந்த நாற்காலியிலேயே. யாரும் அவரைக் கூப்பிடவில்லை. மேலே போய் மற்றவர்கள் முகத்தில் விழிப்பதைவிட இது மேல் என்று நினைத்திருக்கலாம். பட்டனைத் தவறான துளையில் போட்டு, கடைசியில் ஒன்று மிஞ்சி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

"சட்டைக்கு யார் சார் போட்டு விடறாங்க?" என்றாள் நாத்தனார்.

பாதி டிரம் என்பதால் நடைகள் அதிகம். ஒவ்வொரு விரிப்பையும் அண்ணி கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். கையை அவள் நம்பவில்லை. வெந்நீரும் சூடும் பட்டுப்பட்டு அதற்கு ரோஷம் போய்விட்டதாகச் சொல்வாள். ஈரம் தட்டியது மறுபடி உள்ளே போனது. தட்டாதது மாடிக்குப் போனது.

பேருந்து வாசலில் வந்து நின்றபோது ஒரே ஒரு விரிப்பு பாக்கி. கன்னத்தில் வைத்தாள். லேசாகக் குளிர்ந்தது.

"போட்டுடலாம் அண்ணி. படுத்தா சூட்டுக்குக் காஞ்சிடும்."

"இதை நான் போடமாட்டேன்."

மேனேஜர் மேலே போய், தன் அறைக் கட்டிலில் இருந்த விரிப்பை உருவிக்கொண்டு வந்தார். துவைத்து மடித்ததை முந்தின நாள்தான் விரித்திருந்ததாகவும், இரவு கணக்கறையிலேயே தூங்கிவிட்டதால் அதில் படுக்கவேயில்லை என்றும் சொன்னார். அண்ணி மோந்து பார்த்தாள். சோப்பு வாசனை மட்டும்தான். மடிப்புக் கோடுகூட அழியவில்லை. கொடுத்தனுப்பினாள்.

மறுநாள் காலை பேருந்து கிளம்பிப் போனது. ஒருவர் தலையணை உயரம் என்றார். இன்னொருவர் குழாயில் வெந்நீர் வர நேரமாகிறது என்றார். படுக்கையைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. மேனேஜர் கம்பெனிக்காரனிடம் போனில், இப்போதைக்கு வேண்டாம் என்றார். அண்ணியும் நாத்தனாரும் எட்டு மணிக்கு அறை அறையாகப் போய் விரிப்புகளை உருவினார்கள். வளையங்களில் இரண்டு குறைந்தன. இரண்டும் அவர்கள் கொண்டையில் இருந்தன. முதல் டிரம்மைப் பாதி நிரப்பி, கதவைச் சாத்தி, பொத்தானை அழுத்தினார்கள்.