மாமா கேட்ட வள்ளம்

உறைபனி விழுந்து தேயிலையெல்லாம் அடுப்புக்கரி போலக் கருகிப்போன வருஷம் அது. எந்த வருஷம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. இலங்கையிலிருந்து கப்பலில் வந்து இறங்கி, மண்டபம் முகாமில் கொஞ்ச காலம் கிடந்து, நாங்கள் நீலகிரி ஏறியது அந்தக் குளிரில்தான். எங்களிடம் இருந்தது ஒரே கம்பளி, கண்டியில் வாங்கியது. அதற்குள் மூன்று பேர் படுப்போம். அது கிடக்கட்டும்.

அணைத் தண்ணீருக்கு அந்தப் பக்கம் ஒரு புதுத் தோட்டத்தில் ஆள் எடுத்தார்கள். காலையில் ஆட்களைக் கூட்டிக் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் கொடுத்தால் வேலையும், லயத்து வரிசை வீட்டில் காம்பரா என்கிற ஓர் அறையும் கிடைக்கும். தவறினால் மறுபடி சாலையோரக் கூடாரம். குடும்ப அட்டையைக் காட்டினால்தான் பெயர் எழுதுவார்கள். அது தகரப்பெட்டிக்குள், அம்மாவின் சேலை மடிப்பில் இருந்தது. சுற்றிப்போகும் பஸ் மத்தியானம்தான் வரும்.

கரையில் தண்ணீருக்குள் இறங்கும் சிமெண்டுச் சரிவு ஒன்று. அதன் மேலே ஒரு மரப்படகு. காவல்காரரிடம் கேட்டுவிட்டு யாரும் இறக்கலாம். எங்களோடு வந்த தாய்மாமா கப்பலுக்காக மன்னாரில் மூன்று மாதம் காத்திருந்தவர். அதனால் கடல் தெரிந்தவர் என்று அவரே சொல்லிக்கொள்வார். படகு என்று சொல்லவே மாட்டார், வள்ளம் என்பார்.

"ஒரு வள்ளம் வேணும்ங்க, அவசரம்."

காவல்காரர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். "வள்ளமுங்களா? ஊட்டுக்குள்ள கெடக்குது. இருங்க, எடுத்தாறனுங்க" என்று போனார்.

அவர்கள் ஊரில் வள்ளம் என்றால் தானியம் அளக்கிற பாத்திரம். எங்களுக்கு அது தெரியாது. "துடுப்பு எடுக்கப் போறாரு. அதுக்குள்ள நாம ஏத்திருவோம்" என்றார் மாமா.

தோட்டத்து ஆட்களுக்கு எதையும் மேலேயே ஏற்றிச் சரிவில் இறக்கித்தான் பழக்கம். கொழுந்து வண்டி அப்படித்தான் போகும். அம்மாவையும் பெட்டியையும் என்னையும் மேட்டிலேயே படகில் உட்கார்த்தினார்கள்.

"அண்ணே, ஆடுதே!"

"சும்மா ஒக்காரு தங்கச்சி. மன்னாரையே பாத்தவன் நான்."

அப்பா மேட்டில் நின்று படகின் கயிற்றைப் பிடித்தார். மாமா படகைத் தள்ளினார். பாசியில் கால் வழுக்கி மாமா உட்கார்ந்துவிட, படகு சரேலென்று தண்ணீருக்குப் போனது. அடியில் தண்ணீர் வடிகிற ஓட்டை ஒன்று உண்டு. இறக்குமுன் கட்டையால் அடைக்க வேண்டும். கட்டை காவல்காரரிடம் இருந்தது. ஓட்டை வழியாகத் தண்ணீர் பீறிட்டது. அம்மா குதிகாலை அதில் அழுத்தி, பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டாள். மாமா ஓடிவந்து கயிற்றைப் பிடித்தார். கை எரிச்சல் தாங்காமல் விட்டுவிட்டார். அப்பா மட்டும் குப்புற விழுந்து, சிமெண்டில் தேய்ந்துகொண்டே போனார்.

காவல்காரர் கையில் இரும்பு வள்ளத்தோடு வந்தார். "அட ஏனுங்க! கவுத்த உட்றாதீங்க!"

அவரும் அப்பாவுமாகப் படகை இழுத்துக் கரையேற்றினார்கள். காவல்காரர் ஓட்டையில் கட்டையை அடித்தபடியே திட்டினார்: "கட்டைய அடிச்சு, வெறும் படகத் தண்ணிக்கு உட்டு, கவுத்தக் கம்பத்துல கட்டி, அப்பறம் ஒவ்வொருத்தரா ஏறோணுமுங்க. இந்தாங்க, மொண்டு ஊத்துங்க!"

மாமா அந்த இரும்பு வள்ளத்தை வாங்கிப் படகிலிருந்த தண்ணீரை மொண்டு ஊற்றினார்.

"நீ கேட்ட வள்ளம் வந்திருச்சுண்ணே, நல்லா ஊத்து" என்றாள் அம்மா.

இந்தத் தடவை காவல்காரர் சொன்னபடி இறக்கினோம். அவரே துடுப்புப் போட்டு அக்கரை சேர்த்தார். அட்டையில் ஒரு சொட்டு ஈரமில்லை. ஆனால் கைநாட்டு வைக்கும்போது கணக்கப்பிள்ளை அப்பாவின் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரேகையே இல்லையேப்பா!" இரண்டு பெருவிரலிலும் தோல் உரிந்திருந்தது. அம்மாவின் கைநாட்டை வாங்கி, அவள் பெயரில் காம்பரா எழுதினார்.

எனக்கு அப்பா மேல்தான் கோபம். மாமாவின் கையில் ஒரு கீறல் கூட இல்லை. கயிற்றை விடத் தெரியாத மனிதர் என்று நினைத்தேன். அந்தக் கயிற்றின் மறுமுனையில் நான் உட்கார்ந்திருந்தேன் என்பது எனக்குப் பிள்ளை பிறந்த பிறகுதான் உறைத்தது.

படகு இறக்குகிறவர்களை எங்கேயாவது கண்டால் சொல்லுங்கள். ஆளும் பெட்டியும் கடைசியில் ஏறட்டும். கயிறு பிடிக்கிறவர் கையில் முதலில் ஒரு சாக்கைச் சுற்றிவிடுங்கள்.