வலது கை மடியில்

நான் சுட்டுக் கொன்றவர்கள் எல்லாரும் சுவரைப் பார்த்து நின்றவர்கள். என்னைப் பார்த்து நின்றவர்கள் என்னைக் கொன்றார்கள். ஓசூருக்கு வந்த புதிதில், மத்திகிரியில் ஒரு வாடகை வீட்டில், பின்பக்கம் தொப்பை போட்ட ஒரு பழைய மானிட்டர் முன்னால் உட்கார்ந்து நான் நடத்திய போரின் மொத்த வரலாறு இவ்வளவுதான்.

பட்டாசு செய்கிற ஊர்ப்பக்கத்திலிருந்து ஒரு டிப்ளமோவையும், ஸ்வெட்டர் இல்லாத ஒரு பையையும் தூக்கிக்கொண்டு வந்தவன் நான். வெடிச்சத்தத்தில் பிறந்து வளர்ந்தவன் என்று வந்த அன்றே பீற்றிக்கொண்டேன். மறுநாள் கம்பெனியில் என்னை, இரும்புத் தகட்டை அமுக்கி வெட்டுகிற பிரஸ் ஷாப்பில் நிறுத்தினார்கள். பிரஸ் இறங்கும்போதெல்லாம் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

எனக்குக் கொடுத்தது கடைசி வரிசையில் சுவரோரம் நின்ற பிரஸ். மற்றவை எல்லாம் எண்ணெய்க் கறுப்பில் கிடக்க, அது மட்டும் புது மஞ்சள் பெயின்ட் அடித்துக் கல்யாண வீடு மாதிரி நின்றது. புது ஆளுக்கு மரியாதை செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். வேலை சுலபம். தகட்டை வலது கையால் அச்சில் வைக்க வேண்டும். கையை வெளியே எடுக்க வேண்டும். இரண்டு பக்கமும் இருக்கிற பச்சைப் பட்டன்களை இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலே இருப்பது கீழே வரும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் எந்தக் கையும் உள்ளே இருக்காது என்பது கணக்கு.

ஆனால் முந்தைய ஷிப்ட்காரர் போகும்போது மெஷினோடு சேர்த்து ஒரு சின்ன ரப்பர் துண்டையும் விட்டுவிட்டுப் போவார். வலது பட்டனின் இடுக்கில் அதைச் செருகிவிட்டால் பட்டன் அமுங்கியே நிற்கும். அப்புறம் இடது கையால் ஒரு பட்டனைத் தட்டினால் போதும். வலது கை பாட்டுக்குத் தகடு வைத்துக்கொண்டே இருக்கலாம். அந்த வரிசையில் எல்லாரிடமும் ஒரு துண்டு இருந்தது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நானோ பயந்தாங்கொள்ளி. துண்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, இரண்டு கையாலும், சாமி கும்பிடுகிறவன் மாதிரி அழுத்திக்கொண்டிருந்தேன்.

சூப்பர்வைசர் பாகலூர்க்காரர். ஒரே வாக்கியத்தில் மூன்று பாஷை பேசுவார். பின்னால் வந்து நின்று, "ஏனப்பா, பீஸ் புடிக்கிறியா, கோழிக்குஞ்சு புடிக்கிறியா?" என்றார். "இந்த ஸ்பீடுக்கு உன்னைக் கன்ஃபர்ம் பண்ண மாட்டாங்க. ஊருக்கு பஸ்தான் ஏத்தி விடுவாங்க."

ஊரில் என் அம்மா ஏற்கெனவே தெரு முழுக்க என்னை எஞ்சினியர் ஆக்கி முடித்திருந்தார். பயிற்சிக்காலம் முடிவதற்குள் கை வேகம் வராவிட்டால் அந்த எஞ்சினியர் பையோடு திரும்பிப் போய் இறங்க வேண்டியதுதான்.

வீட்டில் என்னோடு தங்கியிருந்தவர் எங்கள் கம்பெனியிலேயே பெயின்ட் பிரிவில் இருந்த ஒரு சேலத்துக்காரர். என்னைவிடச் சில வயது மூத்தவர், நன்றாகச் சமைப்பார். மூலையில் ஒரு மேஜை. மேஜையில் துண்டு போட்டு மூடிய ஒரு கம்ப்யூட்டர்.

"யாருதுண்ணே இது?"

"இங்க இருந்தவன்து. ஊருக்குப் போயிட்டான். ஒரு நாளைக்கு வந்து எடுத்துக்குவான்."

"நான் தொடலாமா?"

அவர் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினார். "தொடு. எதையும் மாத்தாத" என்றார்.

முதல் ஷிப்ட் முடிந்து மதியம் மூன்று மணிக்கு வீடு வந்தால் எனக்கு வேறு பிழைப்பில்லை. கம்ப்யூட்டரை மூடியிருந்த துண்டை எடுத்துவிட்டு அதைப் போட்டேன். உள்ளே இருந்தது ஒரே ஒரு ஆட்டம். அப்போதே பழையது, கிட்டத்தட்ட நான் அரை டிரவுசர் போட்டிருந்த காலத்தது. இருட்டான நடைவழிகள், மேலே ஏறித் திறக்கிற கதவுகள், கதவுக்குப் பின்னால் மூச்சு விடுகிற ஏதோ ஒன்று. நாம்தான் நடக்கிறோம். ஆனால் நமக்கு உடம்பு கிடையாது. திரையின் அடியில் துப்பாக்கி பிடித்த ஒரு கை மட்டும் தெரியும். நடந்தால் அது ஆடும். நின்றால் அதுவும் நிற்கும்.

டிப்ளமோ படித்த காலத்தில் கம்ப்யூட்டர் அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிய அனுபவம் எனக்கு நிறைய உண்டு. அதற்கு மேல் கிடையாது. எந்த கீ எதற்கு என்று சொல்ல ஆளில்லை. ஆனால் கீபோர்டே சொன்னது. அதன் இடது பாதியில் எழுத்துகள் தேய்ந்து வழவழவென்று இருந்தன. வலது பாதி கடையிலிருந்து நேற்று வாங்கி வந்தது மாதிரி இருந்தது. மவுஸ்கூட இடது பக்கம்தான் கிடந்தது. தேய்ந்த இடத்தில் இடது கையை வைத்தேன். ஆள் நடந்தான், திரும்பினான், சுட்டான். எல்லாம் அந்தக் கைக்குள் அடங்கியிருந்தது. வலது கைக்கு வேலை இல்லாததால் அதை மடியில் வைத்துக்கொண்டேன். உலகம் பூராவும் இப்படித்தான் ஆடுகிறார்கள், மிச்சக் கை முறுக்கு தின்பதற்கு என்று முடிவு கட்டினேன்.

முதல் நாள் பத்து நிமிடத்தில் தலை சுற்றி, மதியம் தின்ற உப்புமா முழுவதையும் வாசலில் ஒப்படைத்தேன். வீட்டுக்கார அம்மா தெலுங்கில் என் வம்சத்தை விசாரித்தார்.

சேலத்துக்காரர் தண்ணீர்ச் செம்போடு வந்து, "ஏன்டா, குண்டு அவனுக்குப் பட்டா வாந்தி நீ எடுக்கற?" என்றார்.

ஆனாலும் விடவில்லை. தினமும் செத்தேன். ஒரு இடத்தில் பச்சைத் தண்ணீர் நிரம்பிய பள்ளம், அதற்கு அந்தப் பக்கம் ஒரு மேடை, மேடையில் ஒரு கதவு. நடந்து போய் விழுவேன், கொப்பளித்துச் சாவேன். அதற்கு முன்னாலேயே ஆட்டம் சேமிக்கப்பட்டிருந்தது. எனக்கு முன்னால் ஆடியவரும் அந்தப் பள்ளத்தின் விளிம்பு வரைதான் வந்திருக்கிறார். எத்தனை முறை திறந்தாலும் அந்த விளிம்பில், அந்தக் கதவைப் பார்த்தபடி, அவர் விட்ட இடத்தில் அந்தக் கை நின்றுகொண்டிருக்கும்.

பட்டப்பகலில், பக்கத்துக் கால்நடைப் பண்ணையிலிருந்து மாடு கத்துகிற சத்தத்துக்கு நடுவில், அந்தக் கையைப் பார்க்க எனக்கு முதுகு சில்லிட்டது. சேலத்துக்காரர் ஒரு நாள்கூட அந்தத் திரையைப் பார்த்ததில்லை. நான் ஆட ஆரம்பித்தால் முதுகைக் காட்டி உட்கார்ந்து ரேடியோவைத் திருகிவிடுவார்.

கம்பெனியிலும் அந்தப் பயம் தொடர்ந்தது. பிரஸ் மேலே ஏறும்போது காற்று விடுகிற சத்தம், கதவுக்குப் பின்னால் இருக்கிற அதனுடைய மூச்சுதான். ஸ்டோர் ஷட்டர் மேலே ஏறினால் நான் சுவரோரம் ஒண்டி எட்டிப்பார்த்தேன். "என்னய்யா, பொண்ணு பாக்க வந்தவனாட்டம்?" என்று ஸ்டோர்காரர் கேட்டார். தூக்கத்தில் என் இடது கை பாயில் விரல் விரலாக அசைவதாகச் சேலத்துக்காரர் சொன்னார். சிரித்தேன். பிறகு விரல்களைப் பார்த்தேன். அவை எனக்குத் தெரியாத யாரிடமோ பாடம் படித்துவிட்டு வந்தவை மாதிரி இருந்தன.

ஆனால் ஒரு நன்மை. இடது கை தனியாக வேலை செய்யப் பழகிவிட்டது. ஒரு நாள் அந்த ரப்பர் துண்டை எடுத்து வலது பட்டனில் செருகிப் பார்த்தேன். இடது கை தட்டியது, வலது கை வைத்தது. தட்டியது, வைத்தது. கண்ணை மூட மறந்துபோனேன். பீஸ் போடுகிற தட்டுகள் நிறைந்தன. சூப்பர்வைசர் வந்து நின்று, "கை வந்துடுச்சப்பா உனக்கு! கன்ஃபர்முக்கு நானே எழுதித் தரேன்" என்றார். அன்று சாயங்காலம் அம்மாவுக்கு போன் போட்டு, கிட்டத்தட்ட முடிந்த மாதிரிதான் என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் ஆடிக்கொண்டிருந்தேன். வாசலில் செருப்புச் சத்தம். சேலத்துக்காரர் எழுந்து, "வாடா, வா வா" என்று முன்னால் போனார். வந்தவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். முப்பதைத் தொடுகிற வயது, வெள்ளைச் சட்டை, வலது கை பேன்ட் பாக்கெட்டுக்குள். கண் என்மேல். என் முகத்தின்மேல் இல்லை. கீபோர்டில் இருந்த என் இடது கையையும், மடியில் சுருண்டு கிடந்த வலது கையையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா செய்யறான்" என்றார் சேலத்துக்காரரிடம். "போன்ல சொன்னியே, புதுசா வந்தவன் எல்லாரு மாதிரியும் செஞ்சு காட்டுவான்னு. இவன்தானா?"

"டேய், அதில்லடா..."

"யாருடா சொல்லிக் குடுத்தா? நீயா? இன்னும் கொஞ்சம் குனிஞ்சு உக்காரச் சொல்லு, சரியா இருக்கும்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. சூப்பர்வைசர் நடை, வீட்டுக்கார அம்மா கோபம் எல்லாம் செய்து காட்டி அந்த வீட்டில் பேர் வாங்கியிருந்தேன் என்பது உண்மைதான். வாழ்க்கையில் முதல்முறையாக நான் எந்தக் கோமாளித்தனமும் செய்யாமல் உட்கார்ந்திருக்கிறேன், அதற்குத்தான் திட்டு விழுகிறது.

"நெசமாத்தாண்ணே, ஒண்ணும் செய்யல. இது இப்படித்தான ஆடணும்? இந்தப் பக்கந்தான எழுத்து தேஞ்சிருக்கு?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக வலது கையைப் பாக்கெட்டிலிருந்து எடுத்தார். கட்டை விரல் இருந்தது. மற்ற விரல்கள் இருக்க வேண்டிய இடம் தைத்து மூடியிருந்தது.

ரேடியோ பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது. யாரும் நிறுத்தவில்லை.

"இவனுக்குச் சொல்லலடா" என்றார் சேலத்துக்காரர், தரையைப் பார்த்தபடி. "பிரஸ்ல நிக்கறவன்கிட்ட எப்புடிச் சொல்றது? நம்ம கம்பெனில அதைப் பேசறதில்லன்னு உனக்குத் தெரியாதா?"

வந்தவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கோபம் போன இடத்தில் ஒரு மாதிரிச் சிரிப்பு வந்திருந்தது. "ஆஸ்பத்திரிக்குப் போய்க்கினு வந்துக்கினு மாசக்கணக்குல இங்கதான் கெடந்தேன். பகல் பூரா இதுதான். எல்லாத்தையும் இடது கைக்கு மாத்தி வெச்சேன்." திரையைப் பார்த்தார். "இன்னும் பள்ளத்துலதான் நிக்கறயா?"

"விழுந்துக்கிட்டே இருக்கேண்ணே."

"நடந்தா விழத்தான் செய்வ. ஓடணும்."

"ஓடலாமா?"

அவர் என்னை ஒரு ஜந்துவைப் பார்ப்பது மாதிரி பார்த்தார். "இவ்ளோ நாளு நடந்தேவாடா செத்த?"

ஓடுவதற்கு ஒரு கீ இருந்தது. வலது கோடியில். அது ஒன்றை மட்டும் மாற்ற ஆட்டம் விடவில்லையாம். அப்போது வலது கை முழுக்கக் கட்டு, அவருக்கு அது எட்டவில்லை. எனக்கு அது இருப்பதே தெரியாது. "நீ அதைப் புடி, நான் மீதியைப் பாத்துக்கறேன்" என்றார். அவர் இடது கையை வைத்தார். நான் என் வலது கையை மடியிலிருந்து எடுத்து அந்தப் புதுக் கருக்கு அழியாத கீயில் ஒரு விரலை வைத்தேன்.

"இப்ப!"

இரண்டு முறை விழுந்தோம். "சீக்கிரம் வுட்டுட்டடா" என்று அதட்டினார். மூன்றாவது முறை பச்சைத் தண்ணீருக்கு மேலே பறந்து மேடையில் இறங்கினோம். சேலத்துக்காரர் முதல்முறையாகத் திரும்பித் திரையைப் பார்த்தார். கதவு மேலே ஏறியது.

உள்ளே ஒரு சின்ன அறை. ஒன்றுமில்லை. மூச்சு விடுகிறதும் இல்லை, புதையலும் இல்லை. நாலு சுவர். அதன் நடுவில் அந்தக் கை அசையாமல் நின்றது.

"இதுக்குத்தானா" என்றார் அவர். வெகுநேரம் அந்தச் சுவர்களை ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒயர்களைப் பிடுங்க ஆரம்பித்தார். குருபரப்பள்ளியில் ஹைவே ஓரமாக மச்சான் டீக்கடைக்குப் பக்கத்தில் ஜெராக்ஸும் கம்ப்யூட்டர் ஜாதகமும் போடப் போகிறாராம். "லாரிக்காரன் நிறுத்தி டீ குடிக்கறப்ப அவன் தலையெழுத்தைக் கையில குடுத்துடுவேன்."

மானிட்டரை ஆட்டோவுக்குத் தூக்கிப் போகும்போது, அதன் கனத்துக்கு அடியிலிருந்து கேட்டார். "உன்ன எந்த பிரஸ்ல போட்டிருக்காங்க?"

"கடைசி வரிசைண்ணே. சுவரோரம். மஞ்சள் பெயின்ட்."

மானிட்டரை ஒரு பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். "எங்காலத்துல அதுக்குக் காலால மிதிக்கற பெடல். இப்ப ரெண்டு பட்டன் போட்டுட்டாங்களாமே?"

"போட்டிருக்காங்கண்ணே."

"ரெண்டும் வேலை செய்யுதா?"

நான் எதையாவது வேடிக்கையாகச் சொல்லித் தப்பித்துவிடுகிறவன். அன்று வெறுமனே, "செய்யுதுண்ணே" என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு ஆட்டோவில் ஏறினார். கட்டை விரல் மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை பிரஸ் முன்னால் நின்றபோது ரப்பர் துண்டு அதன் இடுக்கில் தயாராக இருந்தது. பிடுங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். இரண்டு கையாலும் அழுத்தினேன். தட்டு நிறையவே இல்லை.

சூப்பர்வைசர் வந்தார். "ஏனப்பா, போன வாரம் வந்த கை இன்னிக்கு எங்க போச்சு?"

"குருபரப்பள்ளிக்குப் போயிருச்சு சார்" என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, "ரெண்டு கையாலதான் சார் வருது" என்றேன். அவர் மஞ்சள் பெயின்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அடுத்த மெஷினுக்கு நகர்ந்தார். எழுதித் தருவதாகச் சொன்னதை எழுதித் தரவில்லை. பயிற்சிக்காலம் முடிந்ததும் என்னை ஊருக்கு அனுப்பவுமில்லை. பேக்கிங்கில் போட்டார்கள். அம்மா தெருவில் சொன்னதில் பாதியைத் திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

அதுவரை பிரஸ்ஸில் நின்ற நாட்களில் தினமும் காலையில் அந்தத் துண்டைப் பிடுங்கினேன். முந்தைய ஷிப்ட்காரரிடம், "இனிமே வேண்டாம்ணே" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "எதுப்பா?" என்றார் அவர், ஒன்றும் தெரியாதவர் மாதிரி. மறுநாள் இன்னொரு துண்டு இருந்தது. அதற்கும் மறுநாள் இன்னொன்று. நான் அந்த மெஷினில் நின்ற கடைசி நாள் காலையிலும் இருந்தது. விரலை விட்டு நெம்பி எடுத்தேன். இரவு முழுக்க யாரோ கைக்குள்ளேயே வைத்திருந்த மாதிரி கதகதப்பாக இருந்தது.