முதலில் திறந்ததும் இரண்டாவது திறந்ததும்

"ஸ்டாப்வாட்சை நீ நன்னா அமுக்கலேன்னு தோண்றது, கேட்டியா."

என் சோதனை முடிவைப் பார்த்ததும் எங்கள் டீம் லீடர் சொன்னது இது. எங்கள் ஊர்க் கோட்டைக்குள் அக்ரஹாரத்தில் வளர்ந்தவர். மற்றவர்களிடம் மலையாளம், என்னிடம் மட்டும் வீட்டுத் தமிழில் பேசுவார். அது பிரியமா இளக்காரமா என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

பழவங்காடியில் ஒரு துணிக்கடைக்குப் பில் போடும் புரோகிராம் செய்திருந்தோம். அது திறக்கவே நேரமாகிறது என்று முதலாளி குறைப்பட்டார். நாம் எழுதுவதைக் கணினி ஓட்டும் கோப்பாக மாற்றித் தருவது கம்பைலர். ஒரே கம்பைலரை இரண்டு இடங்களில் தனித்தனியாகத் தொகுத்து வெளியிட்டிருந்தார்கள். எந்தத் தொகுப்பில் செய்தால் புரோகிராம் சீக்கிரம் திறக்கும் என்பதுதான் கேள்வி. தான் கொண்டுவந்த தொகுப்புதான் வேகம் என்று லீடர் மேலதிகாரிகளிடம் சொல்லிவிட்டார். அதையே அறிக்கையாக எழுதி நான் கையெழுத்திட வேண்டும். என் பயிற்சிக் காலம் முடியும் நேரம். வேலை நிரந்தரமாவது அவர் வார்த்தையில் இருந்தது. அப்பா தம்பானூரில் ஒரு ஹோட்டலில் பரோட்டா போடுகிறவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கைநாட்டு வைத்தே பழகிய குடும்பத்திலிருந்து வரும் கையெழுத்து பொய்க்குப் போகக்கூடாது என்று நினைத்தேன்.

நான் சோதித்தால் ஒரு நாள் அவருடையது முந்தும், மறுநாள் மற்றது. நான் சாப்பிடப் போகும்போது என் கணினியில் ஏதாவது மாற்றுகிறாரோ என்று சந்தேகப்பட்டுப் பாஸ்வேர்டு வைத்தேன். பிறகு என் கட்டைவிரலையே சந்தேகித்தேன். கடைசியில் அவரையே செய்துகாட்டச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் மற்றதை முதலில் திறந்தார், தன்னுடையதை அடுத்து. அவருடையதே முந்தியது.

"ஏன் சார் எப்பவும் இந்த வரிசை?"

"மட்டமான புடவையை முதல்ல காட்டுவா, நல்லதைக் கடைசில. டெமோன்னா அப்படித்தான்."

"இது டெமோ இல்லயே சார்."

"நாக்கு நன்னா ஓடறது. அதுக்கு எந்தக் கம்பைலர்?"

அன்று மாலை வழக்கமான லோட்ஷெடிங். கரண்ட் வந்து கணினி எழுந்ததும் அவருடையதை முதலில் திறந்தேன். முக்கி முனகித் திறந்தது. அடுத்துத் திறந்த மற்றது சட்டென்று வந்தது. அப்போதுதான் புரிந்தது. முதலில் திறப்பது எல்லாவற்றையும் வட்டிலிருந்து இழுத்து வர வேண்டும். இரண்டாவதற்குப் பாதி நினைவகத்தில் தயாராக இருக்கும். ஒவ்வொரு முறையும் கணினியை அணைத்துப் போட்டுத் திறந்து பார்த்தேன். அவருடையதுதான் தாமதம். தொடங்கும்போதே பெரிய துணைக் கோப்பு ஒன்றையும் கூட இழுத்து வந்தது. மற்றதற்கு அது தேவையில்லை.

மறுநாள் ஒவ்வொன்றுக்கும் முன்னால் கணினியை அணைத்துப் போட்டு, வாட்சை அவர் கையிலேயே கொடுத்தேன். அமுக்கினார். வாட்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இதுல என்னமோ பண்ணிருக்கே."

"என்னன்னு நீங்களே நோக்குங்க சார்."

ஃபோல்டர் ஃபோல்டராகத் தேடினார். ஒன்றும் அகப்படவில்லை.

"சரி, இருக்கட்டும். கடைல மெஷினைக் காலம்பற போட்டா ராத்திரிதான் அணைப்பா. உன் ஆஃப் ஆன் கணக்கு யாருக்கு வேணும்? நான் சொன்னதையே எழுதிடு."

"அங்க அப்படி இல்ல சார். கூட்டம் இல்லன்னா உடனே அணைச்சிடறாங்க. சூடாகுதாம்."

"போய்ப் பார்த்தவா யாரு?"

"நான்தான். காலைல பஸ்ல வரும்போது பழவங்காடியில இறங்கினேன். ரெண்டையும் அந்த மெஷின்ல போட்டுட்டேன். எது உங்களோடதுன்னு சொல்லல. எதை வச்சுக்கறதுன்னு முதலாளி சாயங்காலம் உங்களுக்கே போன் பண்ணுவார்."