அறிக்கையில் ஓர் ஆள்

டிக்கோயா தனுஜாவை அக்கரப்பத்தனைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். முகம் மட்டும் தெரியாது. 2008ஆம் ஆண்டு தை மாதம் முதல், சனிக்கிழமை காலைகளில் அவள் ஹட்டனில் ஒரு கணினி நிலையத்தில் உட்கார்ந்து கணக்குப் பாடம் நடத்தினாள். அவளுடைய திரையில் ஓடுவதும் அவள் பேசுவதும் அதே நேரத்தில் தோட்டத்து வாசிகசாலைக் கணினிக்குப் போய்ச் சேரும். அங்கிருந்து எதுவும் திரும்பி வராது. பெருமழை பெய்தால் இங்கிருந்தும் போகாது.

அவளுக்கு இருபத்து நான்கு வயது. உயர்தர வகுப்பில் கணிதம் படித்து, பல்கலைக்கழகத்தைக் கொஞ்சப் புள்ளிகளால் தவறவிட்டவள். அதைப் பற்றி யாராவது அனுதாபமாகப் பேசினால் எரிந்து விழுவாள். தோட்டத்துப் பாடசாலையில் அப்போது கணக்குக்கு ஆசிரியர் இல்லை. மார்கழியில் பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சை. முப்பத்தெட்டுப் பிள்ளைகளுக்கும் கணக்கு என்றால் அவளுடைய குரல்தான்.

ஆவணி முடிகிற நேரம் கொழும்பிலிருந்து தொலைபேசி வந்தது. இந்தக் கணினி வகுப்புத் திட்டத்துக்குப் பொறுப்பான இராஜகுமாரி யாழ்ப்பாணத்துக்காரர். கெட்ட செய்தியையும் பண்பாகச் சொல்லத் தெரிந்தவர்.

“தனுஜா, அக்கரப்பத்தனையில உம்மட வகுப்பை ஒரே ஒரு ஆள்தானே பாக்குது?”

“இல்லங்க மிஸ், முப்பத்தெட்டுப் பிள்ளைங்க இருக்காங்க. கம்ப்யூட்டர்தான் ஒண்ணு.”

“அறிக்கையில ஒண்டு எண்டுதான் வருது. அடுத்த மாசமும் இப்பிடி எண்டால் நிப்பாட்டச் சொல்லுவினம்.”

அந்த ஓர் ஆள் வாசிகசாலைப் பொறுப்பாளர் நல்லமுத்து. வகுப்புக்குள் போவதற்குக் கணினி பெயர் கேட்கும். அவர் தன் பெயரைத் தட்டிவிட்டு, பிள்ளைகளை முன்னால் உட்கார வைத்துவிட்டு, பேப்பர் வாசிக்கப் போய்விடுவார்.

தனுஜா அவரைத் தொலைபேசியில் பிடித்தாள். “அண்ணே, இனிமே பிள்ளைங்க எல்லாரும் அவங்கவங்க பேரப் போடணும்.”

“அவ்ளோதானே? பெரட்டு வச்சிடுறேன்” என்றார் நல்லமுத்து.

பெரட்டு என்பது தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற இடம். வரிசையில் நிற்க வேண்டும், பேர் விழுந்ததும் தேயிலை மலைக்குப் போய்விட வேண்டும். அதற்குப் பிறகும் அங்கேயே நின்றால் ஏச்சு விழும். முப்பது வருசம் அப்படி நின்று ஓய்ந்தவர் நல்லமுத்து. பிள்ளைகளையும் அப்படியே வரிசையில் விட்டார். ஒவ்வொருவராக வந்து, பெயரைத் தட்டி, உள்ளே போய், உடனே வெளியே வந்து அடுத்தவருக்கு இடம் விட்டார்கள். கடைசியில் நின்ற மீனம்மாவின் பெயர் மட்டும் பாடம் முடியும்வரை உள்ளே இருந்தது. அந்த மாதம் நான்கு சனிக்கிழமையும் இதே ஒழுங்கு. முதல் அரைமணி நேரம் இதற்கே சரியாகப் போனது. ஆனாலும் தன் திரையில் மொத்தப் பார்வையாளர் முப்பத்தெட்டு என்று விழுந்தபோது தனுஜாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

மாத அறிக்கையில் இன்னொரு கட்டமும் இருந்தது, யார் எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்று. முப்பத்தேழு பேருக்கு ஒரு நிமிடம்கூட இல்லை.

“பிள்ளையள் வந்த கையோட ஓடுகினம், பாடம் பிடிக்கேல்ல எண்டு மேலிடத்தில நினைக்கினம்” என்றார் இராஜகுமாரி.

தனுஜா பெரட்டுக் கதையை முழுக்கச் சொன்னாள்.

“நான் உம்மை நம்புறன். ஆனா அதை எழுத அறிக்கையில இடமில்லை.”

ஐப்பசியில் வகுப்பு நின்றது. அறிக்கையைப் படித்தவர்களில் ஒருவராவது பஸ் ஏறி வந்து எட்டிப் பார்த்திருக்கலாம். வரவில்லை. நல்லமுத்துதான் தொலைபேசியில் நொந்துபோனார்.

“பேரு விழுந்தா போதும்னு நெனச்சிட்டேம்மா.”

“நானுந்தாண்ணே நெனச்சேன். சனிக்கிழமை பிள்ளைங்கள வழக்கம்போல வரச் சொல்லுங்க.”

அடுத்த சனிக்கிழமை காலை தனுஜா தானே பஸ் ஏறினாள். தலவாக்கலையில் இறங்கி மாறி, லிந்துலை வழியாகத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தாள். வாசிகசாலைக்குள் நுழைந்தவளைப் பார்த்து, “யாருங்க வேணும்?” என்று கேட்டார் நல்லமுத்து.

“கொப்பிய எடுங்க” என்றாள் தனுஜா, பிள்ளைகளைப் பார்த்து.

குரல் கேட்டதும் முப்பத்தெட்டுப் பேரும் எழுந்து நின்றார்கள். “நீங்க உசரமா இருப்பீங்கன்னு நெனச்சோம் மிஸ்” என்றாள் மீனம்மா.

கரும்பலகை இல்லை. ஒரு கதவைத் துடைத்து, சோக்கால் சமன்பாட்டை எழுதி, ஒன்பது மாதமாகச் சொல்லிவந்த அதே விளக்கத்தைச் சொல்லி முடித்தாள். “விளங்குதா?” என்றாள்.

“இல்ல மிஸ்” என்றது பின்வரிசை. அதற்கு முன்வரிசையும் தலையாட்டியது.

இத்தனை மாதத்தில் இதை அவளிடம் சொல்ல யாருக்கும் வழி இருக்கவில்லை. பரீட்சைக்கு இன்னும் எட்டுச் சனிக்கிழமை இருந்தது. கதவை அழித்துவிட்டு, தை மாதத்துப் பாடத்திலிருந்து தொடங்கினாள்.