வாயைத் திறந்து கேட்பவன்

வாயைத் திறந்து வைத்துக்கொண்டால் காது கூர்மையாகும் என்பது மெலிஸின் கட்சி. அதனால் அந்தக் குளிர்காலக் காலையிலும் கம்பளி விரிப்பில் குப்புறப் படுத்து, மகளின் வலது கணுக்காலில் காதை ஒட்டி, வாயைப் பிளந்து, ஒரு கையை மேலே உயர்த்திக் கிடந்தான். உயர்த்திய கைக்கு, வீட்டில் யாரும் மூச்சுக்கூட விடக் கூடாது என்று அர்த்தம். மூலையில் தேநீருக்குக் கொதித்துக்கொண்டிருந்த சமோவார் மட்டும் இந்த உத்தரவை மதிக்கவில்லை.

ஒன்றே முக்கால் வயது உமுத்தாய்க்கு இதெல்லாம் பழகிவிட்டது. எல்லா அப்பாக்களும் காலைத் தேநீருக்கு முன்னால் பிள்ளையின் காலைக் கேட்பார்கள் என்றே அவள் நினைத்திருக்க வேண்டும். அப்பாவின் தலைமுடியில் ரொட்டித் துணுக்குகளை நட்டுக்கொண்டிருந்தாள்.

"மடக்கு, கண்ணு. இப்ப நீட்டு."

நீட்டினாள். பெரும்பாலும் அவன் மூக்கின்மேல்தான் நீட்டினாள்.

"கேட்டுச்சா?" என்றான் மனைவி பெர்மெத்திடம். "டக்குன்னுச்சே."

"எனக்கு எப்படிக் கேக்கும்? அங்க ஒட்டிக்கிட்டு இருக்கிறது உங்க காது."

பெர்மெத் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். இரண்டு காலும் ஒரே சுருதியில் பேசுகிறதா பார் என்று ஒருநாள் அவளையும் படுக்க வைத்தான். "வலது கால் கொஞ்சம் ஏறி நிக்குது, அக்கார்டியனோட சேராது" என்று அவள் விளையாட்டுக்குச் சொல்லிவைத்தாள். அன்று மெலிஸ் பட்டறையையே திறக்கவில்லை. அதிலிருந்து வீட்டில் சங்கீத நகைச்சுவைக்குத் தடை.

கரகோல் நகரத்திலிருந்து கிழக்கே போகும் சாலையோரத்தில் இருக்கிறது அவன் பட்டறை. வண்டியின் மூடியைத் திறப்பதற்கு முன்னால் அவன் கேட்பான். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை இன்ஜினில் வைத்து, பிடியைக் காதுக்குழியில் வைத்து, வழக்கம்போல வாயைத் திறந்துவிடுவான். கோடையில் ஈ உள்ளே போய்விட்டு வந்ததும் உண்டு. எட்டாத இடத்துக்கு ஒரு ரப்பர் குழாய் வைத்திருக்கிறான். "முன்னாடி இடது பக்கம் பேரிங் போச்சு" என்பான். பிரித்துப் பார்த்தால் போயிருக்கும். வண்டிக்காரர்கள் எல்லோருக்கும் அவன் சொல்லும் பாடம் ஒன்றுதான்: "சத்தம் வந்தா எங்கயோ ஆட்டம் இருக்கு. ஆட்டம் இருந்தா தேய்மானம். தேய்மானம்னா ஒருநாள் மலைப்பாதையில சக்கரம் தனியா போகும், நீங்க தனியா போவீங்க."

இந்தப் பாடத்தை வண்டியோடு நிறுத்தியிருந்தால் வீட்டில் நிம்மதி இருந்திருக்கும்.

உமுத்தாய் பிறந்தபோது அவளுடைய வலது பாதம் உள்பக்கம் திரும்பி, மற்ற காலோடு ஏதோ ரகசியம் பேசுவதுபோல இருந்தது. வாராவாரம் மாவுக்கட்டு மாற்றினார்கள். குதிகாலுக்கு மேலே தசைநாரைக் கொஞ்சம் வெட்டித் தளர்த்தினார்கள். பாதம் நேராக வந்தது. அதற்கப்புறம் இரண்டு குட்டி பூட்ஸும் நடுவில் இரண்டையும் பிணைக்கும் உலோகப் பட்டையுமாக ஒரு சாதனம் கொடுத்தார்கள். நாலைந்து வயதுவரை அதை மாட்டிக்கொண்டுதான் அவள் தூங்க வேண்டும். இவ்வளவு காரியத்திலும் மெலிஸின் கைக்கு ஒரு வேலையும் இல்லை. ஊரில் எந்த வண்டி நின்றாலும் கூப்பிடும் ஆள், சொந்த மகளுக்கு முன்னால் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். அது அவனுக்குத் தாங்கவில்லை. பூட்ஸுப் பட்டை ஒருமுறை கிறீச்சிட்டபோது மட்டும் முகம் மலர்ந்து, பட்டறையிலிருந்து கிரீஸ் கொண்டுவந்து பூசினான். மெத்தையில் அந்தக் கறை இன்னும் போகவில்லை. ஆனால் அந்த வாரம் அவன் சீட்டியடித்துக்கொண்டே திரிந்தான்.

பிள்ளை நடக்கத் தொடங்கியதும் சத்தமும் வந்தது. குந்தி எழும்போது கணுக்காலில் ஒரு டக். சில நாள் முழங்காலிலும். பாதம் பழையபடி திரும்பப் போகிறது, அதற்குத்தான் இது முன்னறிவிப்பு என்று மெலிஸ் முடிவு கட்டினான். கைபேசியில் பதிவு செய்து தலைநகரத்திலிருக்கும் எலும்பு டாக்டர் ஷாரிபாவுக்கு அனுப்பினான். அவரிடமிருந்து பதில் வந்தது: "தம்பி, இது உங்க சமோவார்."

அடுத்த பரிசோதனைக்குப் போனபோது நேரிலேயே கேட்டான்.

டாக்டர் ஷாரிபா காலை மடக்கி, நீட்டி, சுழற்றிப் பார்த்தார். டக் என்றது. "இப்ப கேட்டீங்களா, இப்ப கேட்டீங்களா" என்று மெலிஸ் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டான்.

"கேட்டுச்சு. பிள்ளை அழுதாளா?"

"இல்ல."

"வீக்கம் இருக்கா? நொண்டுறாளா? காலை ஊன மாட்டேங்கறாளா?"

"இல்ல டாக்டரம்மா. ஆனா சத்தம்..."

"சின்னப் பிள்ளைங்க மூட்டு இளசு. தசைநார் எலும்புமேல வழுக்கினா சத்தம் வரும், மூட்டுக்குள்ள காத்துக் குமிழி உடைஞ்சா சத்தம் வரும். வலியில்லன்னா விட்டுடுங்க. பாதம் மறுபடி திரும்பினா அது சத்தம் போட்டுக்கிட்டு வராது. குதிகால் தரையில படாது, விரல் உள்ள திரும்பும். அதைக் கண்ணால பாருங்க, காதால இல்ல. ராத்திரி பூட்ஸ் மட்டும் தவறக் கூடாது."

மெலிஸ் மகளின் காலை இன்னொருமுறை மடக்கிப் பார்த்தான். "சரி, இது எத்தனை கிலோமீட்டர் ஓடும்?" என்றான்.

"எண்பது வருஷம் ஓடும்" என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்.

சமாதானம் வீடுவரைகூடத் தாங்கவில்லை.

அவன் இதை இப்படியே நீட்டிக்கொண்டு போனதில் ஒரு விசேஷமும் தள்ளிப்போனது. நடக்கத் தொடங்கிய பிள்ளையின் கணுக்கால்களைக் கறுப்பும் வெள்ளையும் திரித்த கம்பளிக் கயிற்றால் கட்டி நிறுத்துவார்கள். தெருக் குழந்தைகள் தூரத்திலிருந்து ஓடிவருவார்கள். முதலில் வருபவர் கயிற்றை வெட்டி, பிள்ளையைக் கைபிடித்து ஓட்ட வேண்டும். கயிறு வெட்டாத பிள்ளை தடுக்கி விழுந்துகொண்டே இருக்கும் என்பது ஊர்ப் பேச்சு. உமுத்தாய் விழும்போதெல்லாம் யாராவது ஒருவர், கயிறு வெட்டலையே என்று பெர்மெத்தின் காதுபட உச்சுக்கொட்டினார்கள். மெலிஸோ, சத்தம் நிற்கட்டும் என்றான். தேதி வைத்து, ஓட வைத்து, அதற்கப்புறம் பாதம் திரும்பிக்கொண்டால்? அவன் பயம் அதுதான். சந்தோஷப்பட்டுவிட்டு ஏமாற அவனுக்குத் தெம்பில்லை.

எதிர்வீட்டு குர்மான் டாக்ஸி ஓட்டுகிறவன், சின்ன வயதிலிருந்து சிநேகிதன். "டேய், நாளைக்கு இவ கல்யாணத்தன்னிக்கும் டக்குன்னா மாப்பிள்ளைய வாசல்லயே நிக்க வைப்பியா?" என்று கேட்டான். மற்ற நாளாக இருந்தால் மெலிஸ் சிரித்திருப்பான். ஆனால் அப்போது இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை சரியில்லை. இருவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டின் கணுக்கால் எலும்புகளைக் காய்களாகச் சுண்டி விளையாடுவார்கள். மெலிஸின் சிவப்புச் சாயம் போட்ட ராசியான காய் காணாமல் போயிருந்தது. குர்மான்தான் எடுத்திருப்பான் என்று நேராகவே சொல்லிவிட்டான். "எனக்கு எதுக்குடா உன் காய், நான்தான் அது இல்லாமயே உன்னை ஜெயிக்கிறேனே" என்று குர்மான் சொன்னது எரிகிற அடுப்பில் எண்ணெயாயிற்று.

கடைசியில் பெர்மெத் அவனைக் கேட்காமலே தேதி வைத்தாள். வசந்தப் பண்டிகையான நவ்ரூஸ் முடிந்த ஞாயிறு. ஆடு வெந்தது, பொரித்த ரொட்டி மலையாகக் குவிந்தது, சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்கள். தெருவில் பனி உருகிச் சேறாக இருந்தது. குழந்தைகள் பாப்ளார் மரத்தடியில் வரிசை கட்டி, ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டிருந்தார்கள். உமுத்தாய் சிவப்புக் கவுனும் அதற்குள்ளே, வெளியே போகும்போது மட்டும் போடும் பஞ்சு வைத்துத் தைத்த கால்சட்டையுமாக வாசல்படி இறங்கி, நடுத்தெருவில் விரித்த கம்பளத்தை நோக்கி நடந்தாள்.

களக்.

இன்னொரு அடி வைத்தாள். களக், களக்.

மெலிஸின் காது விறைத்தது. இதுவரை கேட்ட டக் இல்லை இது. கழன்ற எலும்பின் சத்தம்.

"நிறுத்துங்க" என்று கத்திக்கொண்டு போய், புதுக் கோட்டோடும் வெள்ளைத் தொப்பியோடும் சேற்றில் குப்புற விழுந்தான். கை மேலே போனது. ஓடத் தயாராயிருந்த குழந்தைகள், சமைத்த அத்தைகள், குர்மான் எல்லோரும் மூச்சை அடக்கினார்கள். விசேஷத்துக்குப் போட்ட கோட்டுப் பையிலிருந்து ரப்பர் குழாய் வெளியே வந்தது. அதன் ஒரு முனையைப் பிள்ளையின் காலருகே வைத்தான். உமுத்தாய் அந்த முனையைப் பிடுங்கி, "அல்லோ" என்றாள்.

பிறகு ஒரு காலைத் தட்டினாள். களக். மறு காலைத் தட்டினாள். களக்.

"பெர்மெத்து" என்றான் அவன். "ரெண்டு காலும். நல்லா இருந்த காலும் போச்சு."

சிரிக்க வாயெடுத்தவர்கள் அவன் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கிக்கொண்டார்கள். பெர்மெத்தும் ஓடிவந்தாள். ஆனால் அவள் குனிந்து காதை வைக்கவில்லை. கவுனைத் தூக்கிப் பார்த்தாள். "குதிகால் தரையில இருக்கு. விரல் நேரா இருக்கு. சிரிச்சுக்கிட்டு நிக்குது. டாக்டர் என்ன சொன்னாங்க?" என்று சொல்லிக்கொண்டே கால்சட்டையின் அடிமடிப்பைக் கையால் அமுக்கினாள். உள்ளே ஏதோ உருண்டது. கால்சட்டைப் பையில் விரலை விட்டாள். இரண்டு பையிலும் ஓட்டை; உமுத்தாய் பையில் போட்டதெல்லாம் மடிப்புக்குள்தான் இறங்கியிருக்க வேண்டும். கயிறு வெட்ட வைத்திருந்த கத்தியால் மடிப்பின் தையலைப் பிரித்தாள்.

வலது காலிலிருந்து இரண்டு ஆட்டு எலும்புகள் விழுந்தன. இடது காலிலிருந்து இன்னும் இரண்டு. அதில் ஒன்று சிவப்பு.

தெருவே அதைக் குனிந்து பார்த்தது. மெலிஸ் கேட்டதில் தப்பில்லை. சத்தம் போட்டது கணுக்கால் எலும்புதான், ஆனால் ஆட்டினுடையது.

குர்மான் சிவப்புக் காயை எடுத்து, சட்டையில் துடைத்து, மெலிஸின் மூக்குக்கு நேரே நீட்டினான். "சத்தம் வந்தா எங்கயோ ஆட்டம் இருக்குன்னு ஊரெல்லாம் சொல்வியே. சரியாத்தாண்டா சொல்லியிருக்க. நீதான் மெக்கானிக்கு."

அதற்குமேல் யாராலும் அடக்க முடியவில்லை. ஒரு அத்தை சிரித்துச் சிரித்துப் பொரித்த ரொட்டித் தட்டின்மேலேயே உட்கார்ந்துவிட்டாள். மெலிஸ் காயை வாங்கிக்கொண்டு, சேறு பூசிய முகத்தோடு, "மன்னிச்சிடுடா" என்றான். "அதை அடுத்த ஞாயித்துக்கிழமை விளையாண்டு காட்டு" என்றான் குர்மான்.

கயிறு கட்டினார்கள். குழந்தைகள் ஓடிவந்தார்கள். குர்மானின் மகள் முந்தி வந்து வெட்டி, உமுத்தாயின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பறந்தாள். பாதி வழியில் உமுத்தாய் சேற்றில் விழுந்தாள். கம்பளத்தின் ஓரத்தில் குந்தியிருந்த மெலிஸ் இரண்டு கையையும் நீட்டினான், ஆனால் போகவில்லை. அவளே கையை ஊன்றி எழுந்து, பாப்ளார் மரம்வரை ஓடித் திரும்பி வந்தாள். வலது குதிகால் ஒவ்வொரு தடவையும் தரையில் படுவதை அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். வாய் மூடியே இருந்தது. கண்ணில் நீர் வழிந்ததை யாரும் பார்க்கவில்லை என்று அவன் நினைத்துக்கொண்டான்.

மகளைத் தூக்க எழுந்தான். அவனுடைய முழங்கால், தெருமுனைவரை கேட்கும்படி, டக்கென்றது.

உமுத்தாய் நின்றாள். அப்பாவின் காலை முறைத்துப் பார்த்தாள். பிறகு அவன் முழங்காலைக் கட்டிக்கொண்டு, காதை அதில் ஒட்டி, வாயை அகலத் திறந்து, கூட்டத்தைப் பார்த்து ஒரு கையை மேலே உயர்த்தினாள்.