கிணற்றில் விட்ட விரால்

பேரனுக்கு வண்ண மீன் வாங்கப் போன கடையில் பாசித் தண்ணீரின் வாடை அடித்ததும், பரவைக் கண்மாய்க் கரையில் மண்பானைகளில் உயிர்மீன் விற்ற பழைய சந்தைக்கே போய்விட்டேன். அந்த இடத்தில் இப்போது வீடுகள். அங்கேதான் சின்ன வயதில் என் அக்கா, சிவப்பாக மின்னிய விரால் குஞ்சைக் காட்டி, "நாம வாங்குன கெண்டையோட சண்டை போடாதுல்ல?" என்று கேட்டாள்.

"எம்புட்டுச் சாதுவா இருக்கு, பாரு தாயி," என்றார் மீன்காரர்.

விராலையும் கெண்டைகளையும் வீட்டுக் கிணற்றில் விட்டோம். விரால் வளர வளரக் கெண்டைகள் குறைந்தன. காப்பாற்ற அக்கா இறக்கிய வாளிக்கே பயந்து, மிஞ்சியவை விரால் கிடந்த ஆழத்துக்கு ஓடின.

கடைசியில் ஒரே ஒரு கெண்டைதான். "மேல வராத, விரால் பாத்துரும்," என்று அக்கா குனிந்து கெஞ்சினாள். நாங்கள் தினமும் போட்ட பொரிக்குப் பழகிய கெண்டை, எங்கள் முகங்களைக் கண்டதும் வாயைத் திறந்தபடி மேலே வந்தது.