அத்தையின் நிறையாத மூச்சு

அத்தையின் கையில் எப்போதும் ஒரு கைக்குட்டை இருக்கும். ஆண்கள் வைத்திருப்பது போன்ற பெரிய, கட்டம் போட்ட கைக்குட்டை. அதைக்கொண்டு அவள் முகம் துடைத்து நான் பார்த்ததில்லை. பேசிக்கொண்டே இருப்பாள். திடீரென்று பார்வை ஒரு கணம் எங்கோ போய் நிற்கும், தோள்கள் இரண்டும் மெல்ல மேலே ஏறும், உடனே கைக்குட்டை வாய்க்குப் போகும். பார்ப்பவர்கள் கொட்டாவி என்று நினைத்துக்கொள்வார்கள். வெளியாட்களிடம் அது செல்லுபடியானது. ஒரே வீட்டில், ஒரே அறையில், அவளுக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்த எனக்கு அது கொட்டாவி இல்லை என்று தெரியும். நீளமாக உள்ளே இழுக்கும் மூச்சு, பாதியில் எதிலோ இடித்து நிற்கும். சற்றுப் பொறுத்து மறுபடியும் ஓர் இழுப்பு. நாலைந்து முறை தோற்ற பிறகு ஒரு முறை அடிவயிறு வரைக்கும் போய்ச் சேரும். அப்போது அவள் முகத்தில் வரும் நிம்மதியைப் பார்த்தால், காணாமல் போன எதையோ கண்டெடுத்தவள் போலத் தோன்றும். பத்து நிமிடத்தில் அது மறுபடியும் காணாமல் போய்விடும்.

நாங்கள் நைனா என்று கூப்பிடும் அப்பாவுக்கு அத்தை ஒரே தங்கை. எங்கள் வீடு திருவொற்றியூரில், ரயில் பாதைக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தது. நைனா, அம்மா, அக்கா, நான், அத்தை என ஐந்து பேருக்கு இரண்டு அறைகள். அத்தை எண்ணூர்ப் பக்கம் ஓர் இரும்பு வார்ப்பு ஆலையின் டைம் ஆபீசில் வேலை பார்த்தாள். தொழிலாளிகள் உள்ளே வரும் நேரத்தையும் வெளியே போகும் நேரத்தையும் குறிக்கிற வேலை. நான் சொல்லப்போகும் நாட்களில் அவளுக்கு முப்பத்தெட்டு வயது. இரண்டு இடங்களில் வரன் பேசி இரண்டும் தட்டிப்போயிருந்தன. அதற்குப் பிறகு யாரும் அவளுக்காக எங்கும் போய்ப் பேசவில்லை.

ஆழமாக இழுத்து விடும் மூச்சுக்கு எங்கள் வீட்டில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது: பெருமூச்சு. அந்தச் சொல்லுக்குள்ளேயே துக்கமும் ஏக்கமும் வயிற்றெரிச்சலும் சேர்ந்துதான் வருகின்றன. காற்று போதவில்லை என்பதற்காக ஒருத்தி பெருமூச்சு விடலாம் என்பது எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. அம்மாவுக்கு அது தன் மேல் வைக்கும் புகாராகவே கேட்டது.

"இன்னாத்துக்கு இப்டி பெருமூச்சு வுட்டுகினே கீற? இந்த வூட்ல ஒனுக்கு இன்னா கொற?" என்பாள்.

"கொற ஒண்ணும் இல்ல அண்ணி. மூச்சு நெறைய மாட்டேங்குது" என்பாள் அத்தை.

"அதான் நாலு வூட்டுக்குக் கேக்குற மாதிரி வுடுறியே, அப்புறம் எப்டி நெறையாம பூடும்?"

அத்தை மொட்டை மாடிக்குப் போய்விடுவாள். சரக்கு ரயில் வரும் சத்தம் கேட்டால் அங்கே நின்று பெட்டிகளை எண்ணுவாள். எண்ணுகிறபோது மட்டும் மூச்சு தானாகவே சரியாகிவிடுகிறது என்று ஒருமுறை என்னிடம் சொன்னாள். கடைசிப் பெட்டி போனதும் திரும்பவும் பாதியில் நின்றுவிடுமாம்.

மேற்கிலிருந்து ஆலைப் புகையோடு காற்று வீசினால் எங்கள் தெருவில் எல்லாருக்குமே தொண்டை கரகரக்கும். அதுதான் காரணம் என்று நைனா முதலில் நினைத்தார். தங்கையை டாக்டரிடம் அழைத்துப் போனார். எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, நெஞ்சு சுத்தமாக இருக்கிறது என்று சொல்லி, நைனாவைத் தனியாகக் கூப்பிட்டு, "சீக்கிரமா ஒரு கல்யாணத்தப் பண்ணி வைங்க" என்றாராம். வீட்டுக்கு வந்ததும் நைனா அதை அம்மாவிடம் சொன்னார். அன்றோடு அத்தையின் மூச்சுக்குப் பொருள் முடிவாகிவிட்டது. அதற்குப் பிறகு அவள் மூச்சை இழுத்தபோதெல்லாம் நைனா தலையைக் குனிந்துகொண்டார்.

நான் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். விடியற்காலையில் எழுந்து கணக்குப் போடுவேன். அதே நேரம் அத்தை அடுப்படியில் நின்று எனக்கும் அவளுக்கும் மதியச் சாப்பாடு கட்டுவாள். வீட்டில் வேறு சத்தம் இருக்காது. ஒரு மூச்சு கேட்கும். அடுத்தது எப்போது வரும் என்று என் காது காத்திருக்கும். ஒருநாள் நோட்டின் ஓரத்தில், ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு கோடு போட்டேன். ஒரு மணி நேரத்தில் நாற்பத்தொரு கோடுகள். கணக்கு ஒன்றுகூடப் போடவில்லை. அந்தப் பக்கத்தைக் கொண்டுபோய் நைனாவிடம் காட்டினேன்.

"நைனா, அத்த இப்டியே பண்ணிகினு இருந்தா நான் எப்டி படிக்கிறது? வேணும்னே பண்ற மாதிரி கீது."

நைனா கோடுகளைப் பார்த்தார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அந்த வாரக் கடைசியில், மணலி புதுநகரில் தெரிந்தவர் வீட்டு மாடியில் ஓர் அறை காலியாக இருப்பதாக நைனா அத்தையிடம் சொன்னார். "பொண்ணு பரிச்ச முடியிற வரிக்கும் அங்க இரு. ரெண்டு மாசந்தான்" என்றார். அத்தை சரி என்றாள். ஒரு பெட்டியும் ஒரு பக்கெட்டும்தான் அவளுடைய சாமான்கள். பக்கெட்டை நான் பேருந்து நிறுத்தம் வரைக்கும் தூக்கிப்போனேன். "நல்லா எழுது" என்று சொல்லிவிட்டு ஏறிப்போனாள்.

பரீட்சை நன்றாகத்தான் எழுதினேன். அதைச் சொல்ல இன்றும் கூச்சமாக இருக்கிறது. ரிசல்ட்டும் வந்தது. அத்தையைத் திரும்பி வரச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அல்லது எல்லாருக்கும் தோன்றியும் யாரும் வாயைத் திறக்கவில்லை. அவள் படுத்த இடத்தில் தையல் மெஷின் வந்தது. நைனா முதலில் வாரம் ஒருமுறை போய்ப் பார்த்தார், பிறகு மாதம் ஒருமுறை, அதற்குப் பிறகு பொங்கலுக்கு மட்டும்.

அக்காவின் வளைகாப்புக்கு அத்தை வந்தாள். வரிசையில் நின்று, சந்தனம் தடவி, அக்காவின் கையைப் பிடித்து வளையலை ஏற்றும்போது அது வந்துவிட்டது. இரண்டு கைகளும் வளையலிலேயே இருந்ததால் வாயை மூட வழியில்லை. கூடத்தில் இருந்த எல்லாருக்கும் கேட்டது. "புள்ளத்தாச்சி முன்னாடி நின்னுகினு இப்டியா வுடுவ?" என்றாள் பெரியம்மா. அத்தை மிச்ச வளையல்களைத் தட்டில் வைத்தாள். பந்தியில் அவளைத் தேடியபோது போய்விட்டிருந்தாள். தேடியது நான் மட்டும்தான், அதுவும் வாசல் வரைக்கும்தான்.

பிறகு நைனா இறந்தபோது வந்தாள். சாவு வீட்டில் மட்டும்தான் அவளுடைய மூச்சு யார் கண்ணையும் உறுத்தவில்லை. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் அத்தை, முதல்முறையாக எதையும் மறைக்காமல், தோள்களை உயர்த்தி இழுத்து இழுத்து விட்டாள். அண்ணன் மேல் எவ்வளவு பாசம் பார் என்று யாரோ சொன்னார்கள். எடுத்துப்போன பிறகு, வந்தது போலவே தனியாகத் திரும்பிப் போனாள்.

என் கதையை நீட்ட வேண்டியதில்லை. திருமணம் நான்கு ஆண்டுகளில் முறிந்தது. பிள்ளை இல்லை. திருவொற்றியூர் வீட்டுக்கே திரும்பி வந்தேன். ராயபுரத்தில், துறைமுகத்துச் சரக்குகளுக்குச் சுங்கக் காகிதங்கள் தயார் செய்யும் ஓர் அலுவலகத்தில் இன்றும் வேலை பார்க்கிறேன். அக்கா ஓசூரில் இருக்கிறாள். அம்மாவைக் கடைசிவரை நான்தான் பார்த்துக்கொண்டேன். அம்மா போனது ஒரு மழைக்காலத்தில். வழியில் சடையங்குப்பம் பக்கமெல்லாம் தண்ணீர் நின்றதால் அத்தையால் வர முடியவில்லை. வந்திருப்பாளா என்பதும் எனக்குத் தெரியாது.

அம்மா போன மூன்றாவது மாதம், அலுவலகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தபோது எனக்கு அது முதலில் வந்தது. தும்மல் வருவது போல வந்து மூக்கிலேயே நின்றுவிடுமே, அப்படி மூச்சு பாதியில் நின்றது. இழுத்தேன். போய்ச் சேரவில்லை. மறுபடி இழுத்தேன். எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தேன். வெளியே கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புகைவிட்டுக்கொண்டு நின்றன. தண்ணீர் குடித்தேன், வேண்டுமென்றே கொட்டாவி விட்டேன், நிமிர்ந்து உட்கார்ந்தேன், குனிந்து உட்கார்ந்தேன். அன்று சாயங்காலத்துக்குள் நெஞ்சுக்கூடு அடிபட்டது போல வலித்தது. மறுநாளும் வந்தது. அதற்குப் பிறகு என்னை விட்டுப் போகவில்லை. மூச்சு என்பது நினைக்காமல் இருந்தால் நடக்கிற காரியம். ஒருமுறை நினைத்துவிட்டால் அதை மறப்பதற்கு வழியே இல்லை.

ஆஸ்பத்திரியில் எல்லாப் பரிசோதனையும் செய்தார்கள், குழாயில் ஊதச் சொன்னார்கள். எதிலும் குறை இல்லை. அந்த லேடி டாக்டர் பொறுமையாகப் பேசினார். "உங்களுக்குக் காத்து பத்தாம இல்லம்மா. தேவைக்கு மேல இழுக்கிறீங்க. இழுக்க இழுக்கப் பத்தாத மாதிரியே தோணும். வரும்போது அதைத் துரத்தாதீங்க, மெதுவா வெளிய விடுறதுல கவனம் வைங்க. நிறைய பேருக்கு வர்றதுதான்." நிறைய பேருக்கு வருவதுதான் என்ற அந்த ஒரு வாக்கியத்தை முப்பது வருடம் முன்னால் யாராவது எங்கள் நைனாவிடம் சொல்லியிருக்கலாம்.

ஆனால் என்னை அத்தையிடம் கொண்டுபோனது டாக்டர் இல்லை. ஒருநாள் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வயதான அம்மா ஒருவர், நான் மூச்சு விட்டதைக் கேட்டு, என் தொடையைத் தட்டி, "இன்னாம்மா, வூட்ல எதுனா கஷ்டமா?" என்றார். அன்பாகத்தான் கேட்டார். இல்லை, மூச்சு நிறைய மாட்டேன் என்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த வார்த்தைகள் யாருடையவை என்று வாயெடுத்த பிறகுதான் உறைத்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மணலி புதுநகருக்குப் போனேன். வீட்டைக் கண்டுபிடிக்க இரண்டு பேரிடம் விசாரிக்க வேண்டியிருந்தது. அதே மாடி, அதே ஒற்றை அறை. அத்தை வாசலில் மணை போட்டு உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை முழுக்க வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"வா. யாரு செத்தா?" என்றாள்.

"யாரும் இல்ல அத்த. சும்மா தான் வந்தேன்."

உட்கார்ந்தேன். பேச ஆரம்பித்தேன். மூச்சுதான் வந்தது. அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. தோள் ஏறி, இழுத்து, பாதியில் நின்று, மறுபடி இழுத்தேன். அத்தையின் கை நெத்திலியில் அப்படியே நின்றது.

"நெறையலையா?" என்று கேட்டாள்.

"நெறையல."

"எத்தினி நாளா?"

"ஒரு வருசம் ஆவப் போவுது."

தலையை ஆட்டினாள். மீண்டும் மீனை எடுத்தாள். அந்த ஒரு வருடத்தில் எத்தனையோ பேர் எனக்கு என்ன கஷ்டம் என்று கேட்டிருக்கிறார்கள். சரியான கேள்வியைக் கேட்டவள் அவள் ஒருத்திதான். எனக்கு அழுகை வந்தது. அவள் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தாள்.

"ஒனுக்கு இப்பவும் வருதா அத்த?"

"வரும். ரெண்டு மாசம் ஆளையே காணாம பூடும். அப்புறம் நாலு நாளு போட்டு எடுக்கும். இங்க யாரு கீறாங்க கேக்க? வந்தா வரட்டும்னு வுட்டுட்டேன்."

நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். "அன்னிக்கு நைனா கிட்ட சொன்னது நான்தான்."

"தெரியும். பின்னாடி துணி காயப்போட்டுகினு இருந்தேன். ஜன்னலு தொறந்து தான் இருந்துச்சு." ஒரு மீனின் தலையைக் கிள்ளிப் போட்டாள். "படிக்க முடியலன்னு சொன்ன, அது நாயம். வேணும்னே பண்றேன்னு சொன்ன பாரு." சட்டியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். திரும்பி வர வெகு நேரம் ஆயிற்று.

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சோறு போட்டாள், சாப்பிட்டோம். இரண்டு பேரும் மாறி மாறி மூச்சை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கிளம்பும் நேரத்தில் துணிந்து கேட்டேன்: "நம்ம வூட்டுக்கு வந்துடு அத்த. நான் மட்டும் தான் கீறேன்."

அவள் கொஞ்சம் சிரித்தாள். "இத்தினி வருசம் தனியா படுத்துட்டேன். இப்ப பக்கத்துல இன்னொரு ஆளு மூச்சு வுடுற சத்தம் கேட்டா எனுக்குத் தூக்கம் வராதுடி."

குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. உண்மையைத்தான் சொன்னாள். எனக்கு அதுதான் கூடுதலாக வலித்தது.

நிறுத்தம் வரைக்கும் கூடவே நடந்து வந்தாள். பேருந்து வந்து நான் ஏறிய பிறகு கீழே நின்றபடி, "அடுத்த வாரம் வர்றதா இருந்தா போன் பண்ணிட்டு வா. மீனு ரெண்டு பேருக்கு வாங்கணும்" என்றாள். அப்போதுதான் அவளுடைய போன் நம்பர் என்னிடம் இல்லை என்பது தெரிந்தது. படியில் நின்றபடி கேட்டேன். அவள் ஒவ்வொரு எண்ணாகச் சொல்ல, நான் போனில் அழுத்திக்கொண்டே வந்தேன். பேருந்து நகர்ந்துவிட்டது. கடைசி இரண்டு எண்கள் பின்னால் வந்த லாரியின் ஹாரனில் கேட்காமல் போயின.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணாமல்தான் போனேன். மீன் இரண்டு பேருக்குத்தான் வாங்கி வைத்திருந்தாள்.